மச்சமும் தழும்பும்

ஆடிக் கிருத்திகை முடிந்த மறுநாள் காலையில் திருத்தணியைப் பார்க்க வேண்டும். காவடிகள் எல்லாம் இறங்கிப் போயிருக்கும். 365 படிகளிலும் மிதிபட்ட பூவும் சிந்திய பாலும் சந்தனமும் காய்ந்து ஒரு மணம் எழும். முந்தின நாள் தொண்டை கிழிய அரோகரா போட்ட ஊர், பால் குடித்த குழந்தை போல அயர்ந்து கிடக்கும். அப்படி ஒரு காலையில்தான் மலையடிவாரத்துப் பாத்திரக்கடை அண்ணா தன் பித்தளைக் கிண்ணத்தை என் முன்னால் கவிழ்த்தார். பழைய செம்பும் பித்தளையும் எடைக்கு வாங்குகிறவர் அவர். வந்து சேரும் அண்டாவிலும் அஞ்சறைப்பெட்டியிலும் மூடி திறக்காத சொம்பிலும் ஒட்டிக் கிடக்கும் செல்லாக்காசுகளை உருக்கப் போட அவருக்கு மனசு வராது. எனக்கென்று எடுத்து வைப்பார்.

கவிழ்த்த குவியலிலிருந்து ஒரு காசைப் பொறுக்கித் தராசுத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "இது மச்சமா, தழும்பா? பார்த்துச் சொல்லு தம்பி."

நாணயம் சேர்ப்பவர்கள் இதையே 'எரர்' என்பார்கள், 'டேமேஜ்' என்பார்கள். எனக்கு அண்ணாவின் சொற்கள்தான் இனிக்கின்றன. மச்சம் உடம்போடு பிறந்தது. தழும்பு வாழ்ந்ததில் வந்தது. நாணயச் சாலையில் அடிக்கும்போதே நேர்ந்த பிசகு மச்சம். வெளியே வந்து பல கை மாறியபோது பட்ட காயம் தழும்பு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது பணத்துக்காக என்று நினைப்பவர்கள் உண்டு. சந்தையில் முன்னதற்குத்தான் விலை என்பதும் உண்மை. ஆனால் காலை வெயிலில் ஒரு காசைச் சாய்த்துப் பிடித்து, அதன் மேட்டிலும் பள்ளத்திலும் வெளிச்சம் ஏறி இறங்குவதைப் பார்த்தபடி அது பிறந்த கதையைக் கண்டுபிடிக்கிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்கு விலை ஞாபகம் வராது.

முதலில் அந்தப் பிறப்பைக் கொஞ்சம் மனத்தில் கண்டுகொள்ளுங்கள். நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வட்டமாக வெட்டியெடுத்த வில்லை. அதன் ஓரத்தை அழுத்தி உருட்டிச் சற்றே தூக்கிவிட்ட கரை. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, சுற்றிலும் உலோகம் பிதுங்கி ஓடாமல் அணைத்துப் பிடிக்கும் எஃகு வளையம். அடி விழுகிறது. இமைப்பதற்குள் அந்தக் குளிர்ந்த உலோகம் பிசைந்த மாவு போல நெகிழ்ந்து, அச்சின் பள்ளம் பள்ளமாகப் புகுந்து, சிங்கத்தின் பிடரியாகவும் தானியக் கதிரின் மணியாகவும் ஆண்டின் எண்ணாகவும் நிமிர்ந்துவிடுகிறது. முகமும் முதுகும் விளிம்பும் ஒரே நொடியில் உருவாகின்றன. ஆகவே அந்த நொடியில் நேர்ந்த பிசகு எதுவானாலும் மூன்றுக்கும் அது தெரிந்திருக்கும். ஒன்றிடம் கேட்டால் மற்ற இரண்டும் சாட்சி சொல்லும். பிற்பாடு விழுந்த அடிக்கு அந்த உறவு கிடையாது. பட்ட இடம் மட்டும் நோகும்.

தராசுத் தட்டில் இருந்தது காண்டாமிருகம் போட்ட 25 காசு. துருப்பிடிக்காத எஃகில் வந்து, 2011 ஜூன் கடைசியோடு செல்லாமல் போன அந்தச் சின்னக் காசை யாரும் இன்று திரும்பிப் பார்ப்பதில்லை. இதன் விளிம்பிலோ, மூன்றாம் பிறை போல ஒரு கடி. பார்த்த மாத்திரத்தில் யாரோ குறடால் கடித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். குவியலில் இருந்து இன்னொரு 25 காசை எடுத்து அந்தப் பிறைக்குள் மெல்லப் பொருத்தினேன். தாய் இடுப்பில் குழந்தை உட்கார்வது போல இடைவெளி இல்லாமல் அமர்ந்தது. அந்தக் கடியின் வளைவும் காசின் வளைவும் ஒரே அளவு வட்டத்தின் துண்டுகள்! தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் தகடு போதிய அளவு முன்னே நகர வேண்டும். ஒருமுறை அது முழுசாக நகரவில்லை. ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் ஓரத்தில் அடுத்த வெட்டு ஏறிவிட்டது. இந்தக் காசு இழந்த பிறை, இதற்கு முன்னால் பிறந்த அண்ணன் காசு எடுத்துக்கொண்டு போன பங்கு.

அழகு இதோடு முடியவில்லை. பிறைக்கு நேர் எதிர் விளிம்பைப் பாருங்கள். அங்கே யாரும் தொட்ட தடமே இல்லை. ஆனாலும் கரை மங்கிச் சரிந்து, எழுத்தின் கால்கள் வலுவிழந்து நிற்கின்றன. வில்லையின் ஓரத்தைத் தூக்கிவிட அழுத்தி உருட்டுகிறார்களே, அப்போது ஒரு பக்கம் அழுத்தம் விழ எதிர்ப்பக்கம் தாங்கிக் கொடுக்க வேண்டும். பிறை விழுந்த இடத்தில் தாங்க உலோகம் இல்லை. அதனால் எதிரே கரை எழவில்லை. ஒரு பக்கத்துக் குறையை மறுபக்கம் தன் மேல் வாங்கிக்கொண்டிருக்கிறது. கூடவே, பிறையை ஒட்டிய எழுத்துகள் வெட்டுப்படாமல், காலியிடத்தை நோக்கிச் சற்றே நீண்டு வழிந்திருக்கின்றன. அடி விழுந்தபோது பிறை முன்பே இருந்தது என்பதற்கு இதைவிட வேறு என்ன சொல்ல வேண்டும்? கத்தரியோ அரமோ கொண்டு பின்னால் எடுத்த துண்டில் இந்த நயம் எதுவும் வராது. எழுத்து நடுவில் அறுந்திருக்கும், வெட்டுவாயில் அரத்தின் கோடுகள் ஓடும், எதிர்ப்பக்கத்துக் கரை எனக்கென்ன என்று கம்பீரமாக நிற்கும். எடை இரண்டிலும் குறையும். ஆகவே தராசை நம்பிப் பயனில்லை, எதிர்க்கரையைத்தான் நம்ப வேண்டும்.

"மச்சம்தான் அண்ணா" என்றேன். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். தன் வீட்டுக் குழந்தைக்கு நல்ல நட்சத்திரம் என்று ஜோசியர் சொன்னது போல.

அடுத்து வந்தது செம்பில் அடித்த காலணா. விக்டோரியா மகாராணி முகம். நூறு வருஷத்துக்கு மேல் கை பட்டுப் பட்டுப் பழுத்த அந்தச் செம்பின் நிறத்தைச் சொல்ல எனக்கு நாவல்பழத் தோலும் பனைவெல்லமும்தான் ஞாபகம் வருகின்றன. ராணியின் கன்னத்திலிருந்து விளிம்பு வரை மயிரிழை போல ஒரு கோடு. கீறலா? நகத்தை அதன் குறுக்கே மெதுவாக இழுத்தால் தெரிந்துவிடும். கீறல் என்றால் நகம் விழும். பள்ளத்தின் இரு கரையிலும் தள்ளுண்ட உலோகம் வரப்புக் கட்டியிருக்கும். இங்கே நகம் ஏறி இறங்கியது. கோடு மேடாக நிற்கிறது. ஆயிரக்கணக்கில் அடித்து அடித்துச் சலித்த எஃகு அச்சு எங்கோ ஓர் இழை விரிசல் விட, அந்த விரிசலுக்குள்ளும் செம்பு புகுந்து எழுந்திருக்கிறது. அச்சின் பள்ளம் காசில் மேடாகும் என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் பாதி வழக்கு தீர்ந்தது.

அந்த மேட்டுக்கோடு அச்சின் முதுமைச் சுருக்கம். அதே அச்சில் சற்று முன்னால் பிறந்த காசில் கோடு இன்னும் குட்டையாக, கன்னத்தைத் தொடாமல் நின்றிருக்கும். பின்னால் பிறந்ததில் தடித்து, கிளைவிட்டு, கடைசியில் அச்சின் ஒரு சில்லே பெயர்ந்து விழுந்தபின் அந்த இடம் முழுவதும் எழுத்தோ உருவோ இல்லாத ஒரு கட்டியாக விளிம்போடு ஒட்டி நிற்கும். பொறுமையாகச் சேர்ப்பவர்கள் இப்படி ஒரே அச்சின் இளமை முதல் முதுமை வரை காசுகளை வரிசையாக அடுக்கி வைக்கிறார்கள். ஒருவரின் பேழையில் அப்படி ஒரு வரிசையைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பார்த்தவை காசுகள், பின்னால் நின்றதோ என்றோ உடைத்து எறிந்த ஓர் எஃகுத் துண்டின் வாழ்க்கை.

எங்கள் ஊரில் இந்தக் கண்ணைப் பழக்கிக்கொள்ள நல்ல இடம் ஒன்று உண்டு. பல்லவன் அபராஜிதன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், நம்பி அப்பி எழுப்பிய வீரட்டானேசுவரர் கோயில். அங்குள்ள கல்வெட்டில் மன்னனே பாடிய வெண்பா ஒன்று பொறித்திருக்கிறது. உளி தொட்ட எழுத்தின் பள்ளம் எங்கும் ஒரே ஆழத்தில், ஒரே கையின் மூச்சில் ஓடும். பின்னால் பெயர்ந்த சில்லு எழுத்தின் வளைவை மதிக்காது. குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அங்கே அரைமணி நேரம் விரலை ஓடவிட்டு வந்தால், காசைப் பார்க்கிற கண் தானாகக் கூர்மையாகிறது.

மலை மேலேயும் ஒரு பாடம் இருக்கிறது. மற்ற கோயில்களில் பெரும்பாலும் வாகனம் சுவாமியைப் பார்த்தே நிற்கும். தணிகை முருகன் முன்னால் ஐராவதம் என்னும் யானை முதுகைக் காட்டி, கிழக்கே வெளியைப் பார்த்து நிற்கிறது. முதல் தடவை வருகிறவர்கள் திகைப்பார்கள். தெரிந்தவர்கள் காரணக் கதையைச் சொல்வார்கள். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எண்ணி அமைத்ததைப் பிழை என்று சொல்லிவிடக் கூடாது. காசிலும் அதுதான் முதல் மரியாதை. யானை ஒன்று 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயில் பட்ட பாடு தெரியுமோ? மன்னரின் உடையில் தொங்கும் பதக்கச் சங்கிலியில் ஒரு குட்டி யானை. தும்பிக்கை குட்டையாகிப் போனதால் பார்த்தவர்களுக்குப் பன்றியாகத் தெரிந்து, ஊரே முகம் சுளித்து, அடுத்த ஆண்டே தும்பிக்கையை நீட்டித் திருத்தினார்கள். 'பன்றி ரூபாய்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. மச்சமும் இல்லை, தழும்பும் இல்லை. வரைந்தவர் கையிலிருந்து பிறந்த மயக்கம். லென்ஸ் வைத்து அந்த யானையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதன் மேல் வாஞ்சைதான் வருகிறது.

எது இயல்பு என்பது காலத்துக்குக் காலம் மாறும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சுண்டுவிரல் நகம் அளவே இருக்கும் மூன்று சுவாமி வராகனைக் கையில் ஏந்திப் பாருங்கள். நம் பக்கத்துத் திருமலையான் இரு தேவியரோடு நிற்கிற பொற்காசு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையில் அடித்தது. முதுகில் வேர்க்குரு போலப் பொன் மணிகள். மூவரில் ஒரு தேவி பல காசுகளில் விளிம்பைத் தாண்டிப் பாதி மறைந்திருப்பாள். அதைப் பிழை என்று யாரும் சொல்வதில்லை. கையில் சுத்தியல் பிடித்து அடித்த காலம் அது. வளையம் கிடையாது, வில்லை ஒரு பக்கம் சாயும், கை ஒரு பக்கம் சாயும். ஒவ்வொரு காசும் அடித்தவனின் கையெழுத்து. தங்கசாலைத் தெருவுக்குப் பெயரைக் கொடுத்துவிட்டுச் சென்னை நாணயச் சாலையும் 1869இல் மூடிக்கொண்டது.

அதே சாய்வு, எந்திரம் அடித்த ஒற்றை ரூபாயில் வந்தால் கதை வேறு. கதிர் போட்ட எஃகு ரூபாய் ஒன்று என்னிடம் இருக்கிறது. வில்லை வளையத்துக்குள் சரியாக விழாமல் ஒதுங்கி நிற்க, அச்சு முக்கால் பங்கில்தான் பதிந்திருக்கிறது. மிச்சம் கால் பங்கு, யாரும் காலடி வைக்காத குளத்து நீர் போல மழமழவென்று வெறுமையாக. அந்த வெறுமைதான் அதன் அழகு. உருட்டித் தூக்கிய கரை அதில் இன்னும் அப்படியே இருக்கிறது. வில்லையாக இருந்த நாளின் பச்சை மேனி. அணைத்துப் பிடிக்க வளையம் இல்லாததால் காசு ஒரு பக்கம் சற்று அகன்றும் போயிருக்கிறது. பக்கத்தைப் புரட்டுவது போலத் திருப்பிப் பார்த்தால் மறுமுகத்திலும் அதே ஓரத்தில் அதே வெறுமை. அரத்தால் ஒரு முகத்தைத் தேய்த்து இதைப் போலச் செய்ய முயன்றவற்றையும் பார்த்திருக்கிறேன். மறுமுகத்துச் சிங்கம் முழு உருவோடு நின்று உண்மையைச் சொல்லிவிடும்.

திருப்பிப் பார்ப்பது என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. நம் காசுகளில் சிங்கம் நிமிர்ந்து நிற்க, அப்படியே பக்கவாட்டில் புரட்டினால் மறுபுறமும் நிமிர்ந்தே இருக்கும். சிலவற்றில் அது கடிகார முள் போலச் சாய்ந்திருக்கும். அபூர்வமாகத் தலைகீழாகவே நிற்கும். ஓர் அச்சு தன் இருப்பிடத்தில் இளகிச் சுழன்றுவிட்டதன் அடையாளம். எல்லா மச்சங்களிலும் எனக்கு நெருக்கமானது இது. இதைப் பின்னால் யாராலும் செய்ய முடியாது. காசை இரண்டாகக் குடைந்து ஒட்டினால்தான் உண்டு. 'ஷோலே' படத்தில் இருபுறமும் ஒரே முகம் கொண்ட காசு வருமே, அந்த மாதிரி ஒட்டுக்காசுகளை அப்படித்தான் செய்வார்கள். கல் தரையில் போட்டால் ஓசை செத்து விழும். கரையின் உட்புறத்தில் ஒட்டிய கோடு வட்டமாக ஓடும்.

அண்ணாவின் கிண்ணத்தில் என்னை வெகுநேரம் உட்கார வைத்தது ஓர் ஐம்பது காசு. முன்புறம் சிங்கத் தலைகள் எழுந்து நிற்கின்றன. பின்புறம் அதே சிங்கங்கள் உள்வாங்கி, கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறி, பள்ளமாகப் பதிந்திருக்கின்றன. ஈர மணலில் பதிந்த பாதம் போல. இதை 'பிராக்கேஜ்' என்பார்கள். முன்னால் அடித்த காசு வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டுவிட, அடுத்த வில்லை வந்து சேர்ந்தபோது அச்சுக்குப் பதிலாக அந்தக் காசின் முகமே இதன் முதுகில் பதிந்திருக்கிறது. முன்னவன் முகத்தைப் பின்னவன் முதுகில் சுமக்கிறான்.

ஆனால் இந்த வியப்பில்தான் ஏமாற்று வேலையும் அதிகம். இரண்டு காசை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பட்டறை வைஸில் இறுக்கினாலும் கண்ணாடி உரு பதியும். எப்படிப் பிரிப்பது? பிறவிக் காசின் அந்த முகத்தில் வேறு எதுவும் இருக்காது. வர வேண்டிய எண் வரவே இல்லை. ஆகவே அழியவும் இல்லை. வைஸில் இறுக்கியதிலோ பழைய எண் அடியில் கிடந்து முனகும். 50 என்ற எண்ணின் வயிற்றில் சிங்கத்தின் பாதம் அமிழ்ந்திருக்கும். எண்ணின் உச்சி நசுங்கித் தட்டையாகப் பளபளக்கும். மறுமுகத்தில் வைஸின் வாய் அழுத்திய மழுங்கல் கிடக்கும். ஒரே ஓலையில் இரண்டு பேர் எழுதியது போல இரண்டு கதைகள் ஒன்றையொன்று நெரிக்கும். அண்ணாவின் காசை வெயிலில் நான்கு பக்கமும் சாய்த்துப் பார்த்தேன். உள்வாங்கிய சிங்கத்தைச் சுற்றி அமைதியான ஒரே வெளி. எண்ணின் சுவடுகூட இல்லை. திருப்பிப் போட்டால் முன்புறத்துப் பிடரி மயிர் ஒவ்வொன்றும் உயிரோடு நின்றது.

பத்து ரூபாய்க் காசில் எங்கள் ஊருக்குத் தனி உரிமை. 1888இல் இங்கே பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் 125ஆவது பிறந்த ஆண்டு நினைவாக 2015இல் வந்த பத்து ரூபாயைப் பலர் செலவழிக்காமல் பூஜையறையில் வைத்திருக்கிறார்கள். வெளியே பொன்னிற வளையம், உள்ளே வெள்ளி நிற நடுத்துண்டு. நடு இல்லாத வளையம் ஒன்றைக் கொண்டுவந்து பிறவிப்பிழை என்று யாரேனும் சொன்னால் வளையத்தின் உட்சுவரைப் பாருங்கள். நடு இல்லாமலே அடிபட்டிருந்தால் தடுக்க ஆளில்லாமல் உலோகம் உள்ளே வழிந்து, துளையின் ஓரம் தளர்ந்திருக்கும். தட்டிக் கழற்றியதாக இருந்தால் நடுத்துண்டைக் கவ்விப் பிடித்திருந்த தடம் சுவரைச் சுற்றி இன்னும் இருக்கும். மோதிரம் கழற்றிய விரலைப் பார்த்ததும் தெரிகிறதே, அப்படி.

தழும்புகளை இறக்கிப் பேசுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே ஓர் உளிவெட்டு. புழக்கத்திலிருந்து விலக்கவா, பொன்னைச் சோதிக்கவா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வெட்டு நாணயச் சாலைக்குத் தெரியாது. ஆனால் கடல் கடந்து வந்த ஒரு முகத்தின் மேல் நம் மண் போட்ட கையொப்பம் அதுதான். வெள்ளி ரூபாய்களில் சராப்புக்காரர்கள் கொத்திவிட்டுப் போன சின்னஞ்சிறு முத்திரைகளும் அப்படியே. ஒவ்வொரு கொத்தும், இது நல்ல வெள்ளி என்று ஒரு மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு சோதித்துச் சொன்ன சாட்சி.

இன்னொரு வகைத் தழும்பு கடல் இட்டது. சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் பர்மிங்காம் பட்டறையில் 1808ஆம் ஆண்டு போட்டு அடித்த பத்துக்காசும் இருபதுக்காசும் டன் கணக்கில் 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பலில் ஏறின. 1809 ஜனவரியில், இங்கிலாந்துக் கரையைத் தாண்டுமுன்பே, குட்வின் மணல்திட்டில் மோதிக் கப்பல் மூழ்கியது. காசுகளை 1980களில்தான் மேலே எடுத்தார்கள். பீப்பாயின் நடுவில் இருந்தவை நேற்று அடித்தவை போல மின்ன, ஓரத்தில் இருந்தவற்றை உப்புநீர் தின்று மேனி முழுவதும் அம்மைத் தழும்பாக்கியிருந்தது. நம் சந்தைக்கென்று பிறந்து நம் சந்தையைக் காணாமலே போன காசுகள். ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தபோது, கம்பெனிச் சிங்கத்தின் மேல் கடல் அரித்த சின்னச் சின்னக் குழிகளைத் தடவிக்கொடுக்கத்தான் தோன்றியது.

எங்கள் பக்கத்துத் தழும்பு ரயில் இட்டது. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகிற தண்டவாளம் ஊரை ஒட்டி ஓடுகிறது. செய்யக்கூடாத காரியம்தான், ஆனாலும் அந்தக் காலத்துப் பிள்ளைகள் காசைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு மறைந்து நிற்பார்கள். கிண்ணத்தில் அப்படி ஒன்று. வெற்றிலை போல மெலிந்து, நீள்வட்டமாகி, ஓரம் கத்தியாகக் கூர்ந்து. வெயிலில் சாய்த்தால் மட்டும் ஆவி போல ஒரு சிங்கம் நீண்டு தெரிகிறது. இதைக் கண்டு ஏமாற யாருமில்லை; ரசிக்க நான் இருக்கிறேன்.

"துட்டு பார்த்தது போதும், டிபன் சாப்பிடலாம் வா" என்றார் அண்ணா. வாசலில் நின்ற ஆந்திரப் பக்கத்துக்காரர் ஒருவர் டப்பு, டப்பு என்று சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார். எல்லை கூப்பிடு தூரம். 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் இந்த ஊர் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. துட்டு என்ற சொல், மாவட்டத்தின் மறுகோடியில் பழவேற்காட்டில் கடைவிரித்த டச்சுக்காரர்களின் காசுப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். நான் எழுந்திருக்கவில்லை. சட்டைப் பையில் நானும் ஒன்று கொண்டு வந்திருந்தேன்.

ஆயா வைத்திருந்த மஞ்சள் துணி முடிச்சிலிருந்து வந்த ஓட்டைக் காலணா. 1943. போர்க்காலத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு வர, நடுவில் துளையிட்டு மிச்சம் பிடித்தார்கள். ஒரு பக்கம் முடியும் ஆண்டும். மறுபக்கம் துளையைச் சுற்றிப் பூமாலை போல இலைக்கொத்து. துளை அதற்குப் பிறவியிலேயே உள்ள அணி. அடிக்குமுன்பே வில்லையில் இட்ட துளை என்பதால் அதன் வாய் தாமரைக் கொட்டை போல மழுங்கி வழுவழுவென்றிருக்கும். பின்னால் ஆணியால் குத்தியதில் ஒரு பக்கம் உள்வாங்கி மறுபக்கம் பிசிறு எழுந்து கையைக் கிழிக்கும். இதில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் என் காசில் துளை நடுவில் இல்லை. ஒரு பக்கம் தள்ளி விழுந்திருக்கிறது. அங்கே இலைக்கொத்தின் இரண்டு இலைகள் துளையை நோக்கிச் சற்றே சரிந்து நிற்கின்றன, தண்ணீர் குடிக்கக் குனிந்தவை போல. சந்தேகமற்ற மச்சம்.

அப்பா பிறந்தபோது ஆயா இதை அவர் அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டினாளாம். நடக்கப் பழகி, ஓடப் பழகி, அறுந்து விழும்வரை அது அவர் இடுப்பில் ஆடியிருக்கிறது. துளைக்குள் லென்ஸை வைத்து அண்ணாவிடம் காட்டினேன். உட்சுவரில் ஒரே ஓர் இடத்தில் மட்டும், சந்தனக்கல்லின் குழிவு போல மெத்தென்று ஒரு தேய்வு. கயிறு உராய்ந்த இடம். அது காசின் மெலிந்த பக்கத்தில் இருக்கிறது. கனத்த பக்கம் எப்போதும் கீழே தொங்கும். ஆகவே கயிறு என்றும் மெலிந்த பக்கத்தில்தான் உட்காரும். எங்கே தேய வேண்டும் என்று நாணயச் சாலையின் கை பிசகிய அன்றே முடிவாகிவிட்டது.

அண்ணா கல்லாவிலிருந்து பூக்கட்டும் நூல் ஒன்றை எடுத்துத் துளையில் நுழைத்துத் தூக்கிப் பிடித்தார். காசு இரண்டு சுற்றுச் சுற்றி, ஆடி, நின்றது. நூல் போய் அந்தத் தேய்வுக்குள் தானாகப் படுத்துக்கொண்டது.